ஞாயிற்றுக்கிழமை போன்

இன்றைக்குப் பேசும்போது வந்துவிடு என்று சொல்லிவிட வேண்டும். வேறு எதையும் பேசக்கூடாது, சாப்பிட்டாயா என்று கேட்கக்கூடாது, கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்கக்கூடாது, கேட்டால் என் மகன் ம் என்பான், நான் ம் என்பேன், அதற்குள் அங்கே எவனாவது இந்தியில் கத்துவான், போன் கட்டாகிவிடும். பவி, வந்துரு. இவ்வளவுதான். காலையில் பல் விளக்கும்போது சொல்லிப் பார்த்தேன், மில்லைத் திறந்து சாமி படத்துக்குப் பத்தி பொருத்தும்போது சொல்லிப் பார்த்தேன், சாமிக்குப் புரிந்ததா தெரியவில்லை, அவருக்கும் இந்த மோட்டார் சத்தத்தில் காது போயிருக்கும். இப்போது வாய்விட்டே சொல்லலாம், ஒருத்தருக்கும் கேட்காது. மாவு மில் நடத்துகிறவளுக்கு இருக்கிற ஒரே வசதி இது, எதிரே ஆள் நிற்கும்போதே அவர்களைத் திட்டலாம், அவர்கள் ஏதோ நலம் விசாரிக்கிறாள் என்று தலையாட்டுவார்கள். ஆனால் அதே இரைச்சல்தான் எனக்கு எமன். மணி அடித்தால் கேட்காது. அதனால் போனை ஜாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன், அதிர்ந்தால் தெரியும் என்று. இந்தக் கட்டிடத்தில் அதிராதது எது? தரை அதிர்கிறது, தராசு அதிர்கிறது, என் பல் அதிர்கிறது. அரிசியைக் கொட்டும்போது போன் அதிர்ந்த மாதிரி இருக்கிறது, எடுத்துப் பார்த்தால் இல்லை. மாவு விழுகிற துணிக்குழாயைத் தட்டிவிடும்போது அதிர்ந்த மாதிரி இருக்கிறது, இல்லை. கையெல்லாம் மாவு, கண்ணாடியெல்லாம் மாவு, புடவையில் துடைத்துப் பார்க்கிறேன், இல்லை. பட்டாளப் பயிற்சியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பிள்ளைகள் கையில் போனைக் கொடுப்பார்கள் என்று தெரியும், ஒரே ஒரு தடவை காலையிலேயே கொடுத்துவிட்டார்கள், அந்த ஒரு தடவையால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குப் போனாகிவிட்டது.

போன ஞாயிறு நான் இதே இடத்தில்தான் நின்றேன். வாத்தியார் வீட்டம்மா ராஜாமணி இடியாப்ப மாவுக்கு நின்றாள், இன்னும் இரண்டு பேர் பின்னால் வாளியோடு நின்றார்கள், என் வீட்டுக்காரர் தவசி நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடமிருந்து போனை எப்போது பிடுங்கலாம் என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார். நான் மோட்டாரை நிறுத்தவில்லை. நிறுத்தினால் கல்லுக்கு நடுவில் தானியம் அப்படியே நின்றுவிடும், பிறகு அதைக் கழற்றிச் சுரண்டாமல் மிஷின் கிளம்பாது, அந்த வேலைக்குப் பயந்து ஒரு காதைப் பொத்திக்கொண்டு வாசல்பக்கம் போய் நின்றேன். அவன் சொன்னான், "அம்மா, நான் வந்துறவாம்மா?" தெளிவாகத்தான் கேட்டது. கேட்கவில்லை என்று என்னிடம் நானே பொய் சொல்லிப் பார்த்தேன், ஒரு நாள்கூட அந்தப் பொய் நிற்கவில்லை. குரல் உடையவில்லை, அழவில்லை, கடைக்குப் போய்விட்டு வரட்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டான், அதுதான் என்னை ஏமாற்றிவிட்டது. அழுதிருந்தால் தெரிந்திருக்கும். நான் என்ன சொன்னேன்? ராஜாமணி பார்க்கிறாள், இவர் கையை நீட்டுகிறார், நான் சிரித்த முகத்தோடு, "பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டு வாடா, ஊரு பூரா ஃபிளக்ஸ் வச்சிருக்காக" என்றேன். ஃபிளக்ஸாம். பெற்ற பிள்ளைக்கு நான் சொன்ன காரணம் ஃபிளக்ஸ். அவன் "சரிம்மா" என்றான். அந்தச் சரிம்மாவைத்தான் இந்த வாரம் முழுக்க அரைத்துக்கொண்டிருக்கிறேன். கோபத்தில் சொன்ன சரியா, மனசு விட்டுப்போய்ச் சொன்ன சரியா, இனி உன்னிடம் கேட்கமாட்டேன் என்கிற சரியா? சின்னதில் ஊசி போடப் போகும்போதுகூட ஆயிரம் கேள்வி கேட்டுத்தான் சரி சொல்வான். இவ்வளவு சுருக்காக அவன் எதற்கும் சரி சொன்னதில்லை.

ஃபிளக்ஸ் இங்கிருந்து பார்த்தாலே தெரியும், சின்னமனூர்ப் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், கரண்டு கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் கட்டியிருக்கிறார்கள். பட்டாளத்துக்கு ஒரு பிள்ளை தேறிவிட்டால் இந்தப் பக்கம் ஃபிளக்ஸ் வைக்காமல் அனுப்பமாட்டார்கள். பவித்ரன் என்று பெரிய எழுத்தில், வீரமண்ணின் சிங்கமே என்று அதைவிடப் பெரிய எழுத்தில். சிங்கம் கரப்பான்பூச்சிக்குப் பயந்து கட்டிலில் ஏறி நிற்கும், அது ஊருக்குத் தெரியாது. எவனோ ஒரு பட்டாளத்துக்காரன் உடம்பில் என் பிள்ளை தலையை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், கழுத்து சேரவேயில்லை. கீழே வரிசையாக மாமன், மச்சான், சித்தப்பன் தலைகள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, இவர்கள் எல்லோரும்தான் எல்லைக்குப் போகிற மாதிரி. ஃபிளக்ஸ் கடைக்காரப் பையன் என்னிடம் சொன்னான், "போட்டோ நல்லா வந்துருக்குக்கா, கம்ப்யூட்டர்லயே சேத்து வச்சிருக்கேன், அடுத்த தடவைக்கு ஆகும்." கல்யாணத்தை நினைத்துத்தான் சொன்னான், பாவம். அடுத்த தடவை என்றதும் நான் அங்கே நிற்காமல் வந்துவிட்டேன். ஏனென்றால் அந்தக் கடையில்தான் கண்ணீர் அஞ்சலியும் அடிப்பார்கள். அதே போட்டோ, அதே தலைகள் கீழே வரிசையாக, ஓரத்தில் மட்டும் கலர் மாறும். போன வருஷம் எதிர்த்தெருச் செல்வத்தின் மகன் பைக்கில் அடிபட்டுப் போய்ச் சேர்ந்தபோது, பிறந்தநாளுக்கு வைத்த படத்தையே வைத்தார்கள், சிரித்துக்கொண்டு கும்பிட்டுக்கொண்டு நின்றது அந்தப் பிள்ளை. இதையெல்லாம் நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்று சொன்னால் என் புத்தி அதைத்தான் முதலில் எடுக்கும், பிறந்ததிலிருந்தே அப்படி. ராணுவத்துக்கு அவனை யாரும் தள்ளிவிடவும் இல்லை, அதுதான் கொடுமை, யாரையாவது திட்டலாம் என்றால் ஆளில்லை. இவர் வாலிபத்தில் ஆளெடுப்புக்குப் போய் நெஞ்சளவு பத்தாமல் திரும்பி வந்தவர், அந்த ஆசை வீட்டில் கிடந்தது உண்மைதான், ஆனால் விடியுமுன் எழுந்து பைபாஸில் ஓடியவன் அவன்தான், கால் தேய்ந்தாலும் வந்து பச்சைமுட்டையைக் குடித்துவிட்டு நாளைக்கும் ஓடுவேன் என்றவன் அவன்தான். நான் வேர்வையைத் துடைத்துவிட்டேன். அது ஒரு தப்பா? இன்றைக்கு இவர் உத்தமபாளையத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், பந்தி முடிந்து வருவதற்குள் போன் வந்துவிட வேண்டும், இவர் பக்கத்தில் இருந்தால் வந்துரு என்று என் வாய் வராது, வந்தாலும் போனைப் பிடுங்கி ஜெய்ஹிந்த் என்பார்.

"பேச்சியக்கா, கோதும ஆச்சா?" ஆச்சு, இந்தா. சூடாக இருக்கிறது, ஆறவைத்து மூடு என்று கையால் காட்டுகிறேன். கோதுமை மாவின் இந்தச் சூடு கைக்கு இதமாகத்தான் இருக்கும், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி. இப்படித்தான், எதைத் தொட்டாலும் அங்கே போய்விடுகிறது. வியாழக்கிழமை, பெற்றோர் வாட்ஸாப் குரூப்பில், இவனோடு சேர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் எல்லாம் அதில் இருக்கிறோம், திண்டுக்கல் அம்மா ஒருத்தி குரலாகப் பேசிப் போட்டிருந்தாள். மில்லில் கேட்கவில்லை, கக்கூஸுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அங்கே வெயில் கொளுத்துதாம், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடவிட்டதில் ஒரு பையன் விழுந்துட்டானாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போயிட்டானாம். அடுத்த வரியாகத்தான் சொன்னாள், "நம்ம பிள்ளைக இல்ல, பயப்படாதீங்க, வடக்கத்திப் பையனாம்." அப்போது எனக்கு வந்தது சந்தோஷம். அதை வேறு பேர் சொல்லி மறைக்க முடியாது. சந்தோஷம்தான், குளிர்ந்த தண்ணீர் குடித்த மாதிரி நெஞ்சு இறங்கியது, சுவரில் சாய்ந்துகொண்டு அப்பாடா என்றேன். வடக்கத்திப் பையன். அவனுக்கு அம்மா இல்லையா? அவளும் எங்கோ ஒரு அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்திருப்பாள், அவளுக்கு மட்டும் யார் சொல்வது, உன் பிள்ளை இல்லை பயப்படாதே என்று? குரூப்பில் எல்லோரும் கும்பிடு போட்டார்கள், ஒருத்தர் மெழுகுவத்தி போட்டார், சாயங்காலம் பார்த்தால் திண்டுக்கல் அம்மா போட்டதை அழித்திருந்தாள், கும்பிடும் மெழுகுவத்தியும் மட்டும் எதற்கென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தன. யாரோ பயமுறுத்தியிருக்க வேண்டும், இதையெல்லாம் வெளியே பேசக்கூடாதென்று. அன்றைக்கு ராத்திரியிலிருந்து எனக்கு ஒரே கணக்கு, அந்தப் பையனும் அவன் அம்மாவிடம் வந்துறவா என்று கேட்டிருப்பானா, அவளும் சிரித்த முகத்தோடு இருந்துட்டு வா என்றிருப்பாளா.

வெள்ளிக்கிழமை ஒச்சப்பன் மாமா கம்பு அரைக்க வந்தார், பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். என் தங்கச்சி ஊரில் ஒரு பையனுக்கு என்று ஆரம்பித்தேன், பயிற்சிக்குப் போனவன் நடுவில் வேண்டாம் என்றால் விடுவார்களா என்று. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "பயிற்சி முடியிறதுக்குள்ளன்னா எழுதிக் குடுத்துட்டு வரலாம்த்தா. ரொம்ப ஏசுவாங்க. ஆனா விட்டுருவாங்க." கொஞ்சம் நின்று, "அந்தப் பையன் கேக்கும்போதே கூப்பிட்டுக்கிறணும். அப்புறம் கேக்கமாட்டான்" என்றார். அப்புறம் கேட்கமாட்டான் என்றால் என்ன அர்த்தம்? செத்துவிடுவான் என்றா? அதை அவரிடம் கேட்க எனக்குத் தெம்பில்லை, கம்பு அரைத்த கூலியை வாங்காமல் விட்டுவிட்டேன், அவரும் திருப்பி நீட்டவில்லை, இரண்டு பேருக்கும் அது தங்கச்சி ஊர்ப் பையன் இல்லை என்று தெரியும். வரட்டும், பவி வரட்டும், வந்து சும்மா கிடக்கட்டும், மில்லில் மூட்டை தூக்கட்டும், சிங்கம் பூனையாகிவிட்டது என்று பேருந்து நிறுத்தத்தில் நாலு பேர் சிரித்தால் வாய் சுளுக்கும்வரை சிரிக்கட்டும். அவனுக்கு அரிசிப்பருப்புச் சாதம் வைக்க வேண்டும், பூண்டு நிறையப் போட்டு. என்ன எரிகிறது? மூக்கு எரிகிறது. யாரோ தும்முகிறார்கள். மிளகாய் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, சரி, யாருடைய மிளகாய்? மிளகாய் அரைத்து முடித்து அரைமணி இருக்குமே.

கீழே தகரத்தில் விழுகிற மாவு லேசாகச் சிவந்திருந்தது. ஏலக்காய் வாசம் வந்தது. என் கை ஓடிப்போய்ச் சுவிட்சை அணைப்பதற்குள் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற மாரீஸ்வரியின் சத்துமாவு. ஆறு மாசக் கைக்குழந்தைக்கு முதன்முதலாகக் கூழ் காய்ச்ச என்று கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, முந்திரி, ஏலக்காய் சேர்த்துக் கொண்டுவந்த பண்டம், அதைத் தூக்கி நான் மிளகாய் மிஷினில் கொட்டியிருக்கிறேன். இந்த மில்லில் இத்தனை வருஷத்தில் மிளகாய் மிஷினில் மிளகாய், மல்லி தவிர வேறு எதையும் விட்டதில்லை, அடுத்தவள் அரைத்த காரம் தன் மாவில் ஏறிவிடுமோ என்று ஒவ்வொருத்தியும் என் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள், என் பெருமையே அதில்தான். கவனிக்காமல் அவள் கொண்டுபோய்க் காய்ச்சிக் குழந்தை வாயில் வைத்திருந்தால்? அந்தச் சின்ன நாக்கில்? மாரீஸ்வரி திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டட்டும், நாலு வார்த்தை நன்றாகத் திட்டினால் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன். அவள் குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு, "இருக்கட்டும்க்கா. பவி நெனப்புல இருந்திருப்பீங்க" என்றாள். பின்னால் நின்றவர்களும் ம், ம் என்றார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வாரம் முழுக்க நான் சிரித்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பேச்சி பாவம் என்று பேசியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது, என் வீட்டில் இருக்கிற கேழ்வரகை வறுத்துத் தருகிறேன், நாளைக்கு வா என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு அந்த மாவை அள்ளி ஓரமாக வைத்தேன். மாவு மிஷினில் அடுத்தவள் அரிசியைக் கொட்டினேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது, அதற்கு என்ன தெரியும். அப்போதுதான் நெஞ்சுக்குள் போன் அதிர்ந்தது, இந்தத் தடவை நிஜமாகவே.

மோட்டாரை அணைத்தேன். கல் முழுக்க அரிசி இருக்கும்போதே அணைத்தேன், பெல்ட்டு கிறீச்சிட்டு நின்றது, இனி அதைக் கழற்றிச் சுரண்ட வேண்டும், போகட்டும். மில் இவ்வளவு அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை, வாளியோடு நின்ற பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் சொன்னேன், "பவி, வந்துரு." அவன், "எங்கேம்மா?" என்றான். குரல் கணீரென்று இருந்தது. உயிரோடு இருக்கிறான், நன்றாக மூச்சு விடுகிறான், அதைக் கேட்டதும் தகரத்தைப் பிடித்துக்கொண்டேன். "வீட்டுக்குடா. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துரு. அப்பாட்ட நான் பேசிக்கிறேன். எவன் என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிறேன்." "எதுக்கும்மா?" என்றான், நிஜமாகவே புரியாமல். "போன வாரம் கேட்டியேடா, வந்துறவான்னு." "அதுவா" என்றான், சின்னதாகச் சிரித்தான். "அது ஏதோ கேட்டேன். இப்பப் பழகிருச்சும்மா." பழகிவிட்டதாம், ஒரே வாரத்தில். நல்லதுதானே, இதற்குத்தானே அனுப்பினோம், ஏன் எனக்குச் சந்தோஷம் வரவில்லை? வாய் வேறு எதையோ தேடிப் போய், "ஓட்டத்துல ஒரு பையன் விழுந்துட்டானாமே, பவி, அவன உனக்குத் தெரியுமா?" என்று கேட்டது. "அவனா? எம் பக்கத்துக் கட்டில்தாம்மா" என்றான். "அவன் வீக்கான ஆளும்மா. மொத நாளுலேர்ந்தே அழுதுக்கிட்டே கெடந்தான். அந்த மாதிரி ஆளுக வரவே கூடாது. உஸ்தாத்தும் அதத்தான் சொன்னாரு." உஸ்தாத் என்றால் இவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். "கூடப் படுத்த பிள்ளைடா" என்றேன். "ஆமா. கட்டில எடுத்துட்டாங்க. இப்பச் சாமான் வைக்க எடம் தாராளமா இருக்கு." ஊர்ச் சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னான், வஞ்சனை இல்லை, கோபம் இல்லை. அழுதியாடா என்று கேட்டேன். "யாரு, நானா?" என்றான். அங்கே எவனோ கத்தினான். உடனே என் பிள்ளை இந்தியில் ஏதோ பதில் கத்தினான், நான் கேட்டறியாத ஒரு பெரிய குரலில், காதிலிருந்து போனை விலக்கிக்கொண்டேன். பிறகு கட்டாகிவிட்டது.

எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரீஸ்வரி குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே, "நல்லா இருக்கானாக்கா?" என்றாள். நல்லா இருக்கான் என்றேன். அது பொய்யில்லை, கால் வீக்கம்கூட வடிந்திருக்கும், இனி அவனுக்கு ஒன்றும் ஆகாது, எந்த வெயிலிலும் ஓடுவான், விழுகிறவனைத் தாண்டிக்கொண்டு ஓடுவான். "எப்ப வர்றானாம்?" என்றாள். பயிற்சி முடிந்தால் லீவு கொடுப்பார்கள், பச்சைப் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்குவான், இவர் மாலை போடுவார், நான் ஆரத்தி எடுப்பேன், பூண்டு போட்டுச் சாதம் வைப்பேன், அவனும் நன்றாக இருக்கும்மா என்று சாப்பிடுவான். எல்லாம் நடக்கும். "அவன் வரமாட்டான்த்தா" என்றேன். அவள் ஏனென்று கேட்டாள், நான் நின்றுபோன கல்லைக் கழற்ற ஸ்பானரை எடுத்துக்கொண்டு குனிந்தேன். வந்துறவாம்மா என்று கேட்டவன் ஒருத்தன் இருந்தான். அவனைத்தான் நான் போன ஞாயிற்றுக்கிழமை, இத்தனை பேர் முன்னால், சிரித்துக்கொண்டே, அங்கேயே இரு என்று சொல்லிவிட்டேன்.